களரியிலிருந்து கருத்தரங்குக்கு

சமூகத்தோடு சேர்ந்து செய்த ஒரு வேலையை ஆய்வரங்கில் இருபது நிமிடத்துக்குள் சொல்லச் சொல்வது, மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தொன்றை, பாத்திரங்கள் முதலில் களரிக்குள் வரும் சபை வரவோடு நிறுத்தச் சொல்வதற்குச் சமம் என்றே எனக்குப் படுகிறது. மட்டக்களப்பில் கூத்து என்பது அரங்கேற்ற இரவு மட்டுமன்று. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று சட்டங்கொடுப்பதில் தொடங்கி, மாதக்கணக்கில் நீளும் பழக்கமும் சதங்கை அணிதலும் கடந்துதான் அது வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரிக்கு வருகிறது. சட்டங்கொடுக்கும்போது நடக்கும் பேரமும் மனத்தாங்கலும், யாருக்கு அரசன் வேடம் என்ற இழுபறியும் எந்த ஆய்வுச்சுருக்கத்திலும் இடம்பெறுவதில்லை; ஊர் கூத்தைத் தனதாக்கிக்கொள்வதோ அங்கேதான்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின், பார்வையாளர் ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்குச் செப்பனிட்டுக் கொண்டுசென்றார். பின்னர் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனை மக்களோடு முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், பாத்திரங்களையும் பாடல்களையும் ஊரவரே விவாதித்து மாற்றும் வழியைத் தேர்ந்தது. இரண்டாவதைப் பகிர்வதற்கு ஆய்வுரையைவிடப் பயிற்சிப்பட்டறையே பொருத்தமானது: கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, கொப்பி பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுக்க, வந்தவர்கள் காலால் தாளக்கட்டைப் பிடித்துப் பார்க்கலாம். ஆய்வரங்கிலோ அதே அண்ணாவியார் தொடக்க நிகழ்வில் மத்தளம் அடிக்க அழைக்கப்படுகிறார். கட்டுரையில் அவர் பெயர் நன்றியுரைக்குள் ஒதுங்கிவிடுகிறது. அவரை இணையாசிரியராகக் குறிப்பிடுவதற்கு எந்த விதியும் தடையாக இருப்பதாகத் தெரியவில்லை.