1.9 மில்லிவோல்ட்ல வந்த நம்பர்

"அதயே போட்டுரு தம்பி"ன்னு நான் ஃபோன்ல சொன்னது இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அம்மாவுக்கு முடியலன்னு ஊருக்கு, ஹட்டனுக்கு வந்திருந்தேன், அங்க நான் வேல பாக்குற லேப்ல நம்ம மஸ்கெலியாப் பையன் தனியா நின்னு நான் டிசைன் பண்ண 230 கிகாஹெர்ட்ஸ் எஸ்ஐஎஸ் மிக்சர, அதாவது மெல்லிய ரேடியோ சிக்னலப் பிடிக்க ஹீலியத்துல குளிர வைக்கிற மீகடத்தி ரிசீவர, அளந்துக்கிட்டு இருக்கான், காலைல ரிவியூ, ஹீலியம் வேற முடியப் போகுது.

ரிசீவர் முன்னால அறைச் சூட்டுல இருக்குறத வச்சா வர்ற பவர், 77 கெல்வின் நைட்ரஜன்ல குளிர்ந்தத வச்சா வர்றதவிட எல்லா வோல்டேஜ்லயும் 2.6 மடங்கு, அதுல கணக்குப் போட்டா ரிசீவரோட சொந்த இரைச்சல், அதான் நாய்ஸ், 60 கெல்வின் கிட்ட. அது கொறஞ்சா நல்ல ரிசீவர். 1.9 மில்லிவோல்ட்ல மட்டும் 3 மடங்கு, நாய்ஸ் 32!

"அண்ணே, காந்தத்துக்குப் போற கரண்ட லேசா மாத்துனா இது காணாமப் போகுது. ஜோசப்சனா இருக்குமோ?"

சரியான கேள்வி. மிக்சருக்குள்ள இருக்குற மீகடத்தி ஜங்ஷன்ல வோல்டேஜ் இல்லாமலே ஓடுற கரண்டுதான் ஜோசப்சன், அத அமுக்கத்தான் காந்தம். 230 கிகாஹெர்ட்ஸ்ல அந்தக் கரண்டால 0.48 மில்லிவோல்ட்டுக்கு ஒரு படி வரும், ஷாபிரோ படின்னு பேரு, நாலாவது படி 1.9லதான் வந்து நிக்கும். காந்தம் அந்தக் கரண்ட முழுசா அமுக்கலன்னா படிகிட்ட ஜங்ஷன் தள்ளாடும், சூடு குளிர மாத்துறப்போ அந்தத் தள்ளாட்டமும் மாறும், நாம அத நல்ல ரிசீவர்னு நெனச்சுக்குவோம். இத அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அப்புறம் ஏன் 32ஐயே போட்டுருன்னு சொன்னேன்? இயற்கை விடுற கொறஞ்ச நாய்ஸ், அதான் குவாண்டம் எல்லை, 230ல 11 கெல்வின்தானே, 32 நடக்காத விஷயம் இல்லயே. 60 வந்தாலும் எங்க தேவைக்கு உள்ளதான், யாருக்கும் நஷ்டம் இல்ல. இப்பவும் இது ஞாயம்னுதான் படுது, ஆனா ஞாயம்னா 60ஐயே போடச் சொல்லியிருக்கலாமே?

ஃபோன வச்சதும் அம்மா, "யாரோட ராசா, நிறுவைல சண்டையா?"ன்னாங்க. தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்குறப்போ சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கிலோ கிலோவா கழிச்சத வாழ்க்கை பூரா பாத்தவங்க, நம்பர் பேச்சுன்னாலே அவங்களுக்கு அதுதான் ஞாபகம். "இல்லம்மா, வேல விஷயம், தூங்குங்க"ன்னு போர்வைய இழுத்து விட்டேன்.

ரிவியூ நல்லபடியா முடிஞ்சுது, யாரும் கேக்கல. ஊர்ல இருந்து போனதும் நானே திரும்ப அளந்தேன், 61.

அவங்கிட்ட அத சொன்னேன், "சரிண்ணே"ன்னான், அவ்வளவுதான். முந்தி ஒவ்வொரு காந்தக் கரண்டுக்கும் தனித்தனியா கிராஃப் போட்டு, சந்தேகமான எடத்துல செவப்புல வட்டம் போட்டு அனுப்புவான். இப்பல்லாம் ஒரே ஒரு நம்பர்தான் வருது. மத்த கிராஃப் எங்கடான்னு கேக்க வாய் வர மாட்டேங்குது.