காது வழியே ஆரூர்

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று அளந்து சொல்லப்பட்ட ஊர் திருவாரூர். கமலாலயக் குளத்தின் விரிவைக் கண்டு யாரும் மலைத்துத்தான் போவார்கள். ஆனால் என்னை ஆட்கொண்டது அந்த ஊரின் ஓசை.

பசு மணியடித்து நீதி கேட்ட ஊரல்லவா! கன்றைத் தேர்க்காலில் இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்கிறது பெரியபுராணம். கோயிலுக்கு வெளியே அந்தக் கதை கல்தேராக நிற்கிறது.

கர்நாடக இசையின் மும்மூர்த்திகளான சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துசுவாமி தீட்சிதர் 1775 என மூவரும் பிறந்தது இந்த ஊரில்தான். பிள்ளைப் பருவத்தில் அந்த மூவர் காதிலும் விழுந்த நாகசுரம் இந்தக் கோயிலுடையதாகத்தானே இருந்திருக்கும் என்று எண்ணியபடி வீதிகளைச் சுற்றினேன். கடைத்தெரு இரைச்சலும் பஸ் ஹாரனும் கூட அப்போது தொந்தரவாகத் தோன்றவில்லை. கமலாம்பாள் சந்நிதியில் ஓர் அம்மாள் தூணோரம் அமர்ந்து, அந்த அம்பாள் மேல் தீட்சிதர் பாடிய நவாவரணக் கீர்த்தனைகளில் ஆனந்தபைரவி ராகத்தில் அமைந்ததைத் தமக்குள் பாடிக்கொண்டிருந்தார். தாளம் தொடையில், கண் அம்பாள் மேல்.

சாயரட்சை என்னும் மாலைப் பூசைக்குக் கூட்டம் சேர்ந்தது. தேவர்களே வந்து வணங்கும் வேளை என்பது இங்குள்ள நம்பிக்கை. தீபாராதனையின்போது பஞ்சமுக வாத்தியம் முழங்கியது. பெரிய வெண்கலக் குடம். அதற்கு ஐந்து வாய். நடுவில் ஒன்று, சுற்றிலும் நான்கு, எல்லாம் தோல் போர்த்தியவை. ஈசனின் ஐந்து முகங்கள் என்பார்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நாதம். வாசிப்பவரின் கைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ, நடுவாயில் விழுந்த அடி என் நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. கண்ணில் நீர் கட்டிவிட்டது.

பல ஊர்க் கோயில்களில் இப்போது மின்சாரத்தில் ஓடும் மேள இயந்திரம் வைத்துவிட்டார்கள். பட்டனைத் தட்டினால் ஒரே கதியில் இரைகிறது. சுவாமியின் முகத்தைப் பார்த்து, திரை விலகும் கணமறிந்து அடிக்க அதற்குத் தெரியுமா? வாசிப்பவர்களின் பிள்ளைகளும் விரும்பி இதைக் கற்கும் அளவுக்கு அவர்களுக்குக் கைநிறையக் கொடுக்க வேண்டும். திருப்பணி என்றால் இதுவும் திருப்பணிதான்.

இத்தனை முழக்கமும் யாருக்காக? இந்தக் கோயிலின் ஈசனான தியாகேசர் ஆடுவதோ அஜபா நடனம். வாய் உச்சரிக்காத மந்திரத்தின் ஆட்டம் அது. திருமாலின் நெஞ்சில் எழுந்தருளி, அவர் மூச்சு ஏறி இறங்குவதற்கேற்ப ஆடுகிறார் என்கிறது தலபுராணம். அதை நினைத்துக்கொண்டே கேட்டால், ஒரு முழக்கத்துக்கும் அடுத்த முழக்கத்துக்கும் இடையே உள்ள வெளியும் வழிபாடாகிவிடுகிறது.

அடுத்து, ஆழித்தேர் எனும் இந்த ஊரின் பெரிய தேர் ஓடும் நாளில் போக வேண்டும். நான்கு வீதியும் 'ஆரூரா, தியாகேசா' என்று அதிரும்போது வடம் பிடிப்பவர்களோடு நானும் தொண்டை கட்டும்வரை கூவ வேண்டும்.