ரோரோ பின் வாடகைக்கு எடுக்கும் முன்: பகாவ் வீட்டு அனுபவம்

தோட்ட வேலை முடிந்து அப்பா நெகிரி செம்பிலானில் உள்ள பகாவில் வாங்கிய வீட்டை உடைத்துக் கட்டுகிறோம். குப்பைக்கு ரோரோ பின் எடுத்தோம். லோரி கொக்கி மாட்டி இழுத்து ஏற்றிக்கொண்டு போகும் பெரிய இரும்புத் தொட்டி அது.

போனில் தொட்டி வாடகைக்கு விடும் அண்ணன் முதலில் கேட்டது, "என்ன குப்பைக்கா?" விலையெல்லாம் அப்புறம்தான். கல், சிமெண்டு, ஓடு எல்லாம் கனம். பெரிய தொட்டியை அவற்றால் நிரப்பினால் லோரி தூக்காது. அதற்குச் சின்னத் தொட்டி தனியாக வேண்டும். எதைப் போட்டாலும் விளிம்பைத் தாண்டக் கூடாது, மேலே தார்ப்பாய் கட்ட வேண்டும்.

அலமாரி, கதவு, பலகை, கிழிந்த துணி எல்லாம் போகலாம். மெத்தையைத் தொட்டியில் போட்டு இடத்தை வீணாக்க வேண்டாம். நெகிரி செம்பிலானில் 672 சட்டம் (திடக்கழிவு, பொதுத் துப்புரவுச் சட்டம்) நடப்பில் இருப்பதால், பெரிய சாமான்களையும் தோட்டக் கழிவையும் வாரம் ஒருமுறை வீட்டு வாசலிலேயே வந்து எடுக்கிறார்கள்.

போகக் கூடாதவைதான் முக்கியம். கார் பேட்டரியைப் பழைய இரும்புக்காரர் காசு கொடுத்தே வாங்கிக்கொண்டார். கேஸ் தோம்பு கடைக்கே திரும்பிப் போக வேண்டும்; லோரியிலோ குப்பைமேட்டிலோ நசுங்கினால் வெடிக்கும். பழைய டிவி, குழல் விளக்கு, மிச்சப் பெயிண்ட், எஞ்சின் எண்ணெய் எதுவும் தொட்டிக்கு ஆகாது.

எனக்குக் கவலை தந்தது பின்கட்டு ஸ்டோர். அப்பா மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். அங்கே பாராகுவாட் என்ற களைக்கொல்லிப் போத்தல்கள், பாதி மருந்தோடு. மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடை. ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து, முறிவு மருந்து கிடையாது. தொட்டியில் போட்டால் ஏற்றும் பையன்கள் கையில் படும், குப்பைமேட்டில் பொறுக்குகிறவர் கையில் படும், மழையில் ஆற்றுக்கும் போகும். சாக்கடையில் ஊற்றுவதும் அதே பாவம்தான். மூடியை இறுக்கி, நிமிர்த்தி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்துவிட்டு விவசாய இலாகாவிடம் கேட்டோம்.

அடுத்தது அடுப்படிக் கூரை. பழைய சாம்பல் நிறத் தகடு, ஆஸ்பெஸ்டாஸ். உடைத்தால் கிளம்பும் தூசு நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அது அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவு; சாதாரணக் குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது. எங்கள் மாநிலத்திலேயே புக்கிட் நானாஸில் இத்தகைய கழிவுகளுக்கென்று நிலையம் இருக்கிறது. அனுமதி பெற்ற ஆட்கள் வந்து, தண்ணீர் தெளித்து, தகட்டை முழுசாகக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள். செலவு கொஞ்சம் இல்லைதான். ஆனால் லயத்து வீடுகளில் இந்தக் கூரைக்குக் கீழே வளர்ந்தவர்கள் நம்மில் நிறைய பேர். இதில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

தொட்டிக்கு நாள் கணக்கில்தான் வாடகை. அதனால் கூரைக்கும் மருந்துக்கும் வழி செய்துவிட்டே தொட்டிக்குச் சொல்லுங்கள். வீட்டு வளாகத்துக்குள் வைக்க இடம் இல்லாமல் சாலையோரம் வைப்பதென்றால், நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.