மகளுக்கு இருந்தது சிரங்கு இல்லை

மகளுக்கு 13 வயது. இரண்டு மேற்கைகளிலும் இறகு பிடுங்கிய கோழியின் தோல் மாதிரிச் சொரசொரவென்று சின்னச் சின்னக் குருக்கள். அரிப்பில்லை, வலியில்லை. ஆனால் வகுப்பில் "சிரங்கு, ஒட்டும்" என்று அவளைத் தனி வாங்கில் இருத்திவிட்டார்கள். அன்று பின்னேரம் கச்சான் காற்று அனலாய் அடிக்க, நீட்டுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போனாள். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பாமசியில் கையைச் சரியாகப் பார்க்காமலே படர்தாமரைக் கிறீம் தந்தார்கள். இரண்டு கிழமை பூசியும் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குள் நான் வேறு, ஊத்தை என்று நினைத்துப் பீர்க்கு நாரால் தேய்த்துவிட்டேன். குருக்கள் சிவந்து எரிந்து பிள்ளை அழுதாள். தேய்க்க மட்டும் தேய்க்காதீர்கள்.

நிலாவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் திருகோணமலை போய் இறங்கினால், தோல் கிளினிக் அன்றைக்கு இல்லை. அங்கே அனுப்பச் சொல்லி வேறொரு டொக்டர் எழுதித் தரும் துண்டும் வேண்டுமாம். முதல்நாள் போனில் கேட்டபோது "வாங்கோ" என்றுதான் சொன்னார்கள். கிளினிக் எந்த நாள், துண்டு வேண்டுமா, இரண்டையும் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அடுத்த கிழமை துண்டோடு போனோம்.

டொக்டர் அவள் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்கட கையையும் காட்டுங்கோ அம்மா" என்றார். என் கையிலும் அதே சொரசொரப்பு! நான் அதைப் பொருட்டாக எடுத்ததே இல்லை. பெயர் கெரட்டோசிஸ் பிலாரிஸ். தோலில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் மயிர்க்கால்களை அடைப்பதால் வருகிறது. பரம்பரையாக வரும், ஒட்டாது, கெடுதல் இல்லை. தோல் வறண்டால் கூடும். வயது போகப் போகப் பலருக்குக் குறையும்.

எழுதித் தந்தது 10 சதவீத யூரியா கிறீம். மூன்றாவது பாமசியில்தான் கிடைத்தது. சுடுதண்ணீரில் நெடுநேரம் குளிக்காமல், துவாயால் ஒற்றி, ஈரம் காயும் முன் பூச வேண்டும். கீறல் இருந்தால் எரியும், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஆறு கிழமையில் கை நன்றாகவே மிருதுவானது. அப்புறம் சோதனை நேரத்தில் பூசாமல் விட்டோம், பழையபடி வந்துவிட்டது. தொடர்ந்து பூசத்தான் வேண்டும்.

"இது ஒட்டாது" என்று ஒரு கடிதமும் கேட்டேன். டொக்டர் உடனே எழுதித் தந்தார். அதை வகுப்பில் கொடுத்த அன்றே மகள் பழைய வாங்கில், சிநேகிதிக்குப் பக்கத்தில் இருந்தாள்.