ஒகாலா காட்டில் ஒரு பிப்ரவரி: ஊற்றோரக் கூடாரக் குறிப்புகள்

பிப்ரவரி 8, ஞாயிறு. அலெக்சாண்டர் ஸ்பிரிங்ஸ்

நாங்கள் உள்ளே நுழையும்போது, வார இறுதிக்கு வந்தவர்கள் கூடாரத்தை மடித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். என் கணக்கும் அதுதான். ஃபுளோரிடாவின் ஒகாலா தேசியக் காட்டில் வெள்ளி, சனி இரவுகளுக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நல்ல இடங்களையெல்லாம் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுவார்கள். ஞாயிறு மாலை வந்தால் பாதி முகாம் காலி.

ஏன் பிப்ரவரி என்று எல்லோரும் கேட்கிறார்கள். கோடையில் இங்கே கொசு, உண்ணி, தினமும் மதியத்துக்கு மேல் இடியோடு மழை, ஊற்றுக்குள் தலைக்கு மேல் தலை. இப்போது இது ஒன்றும் இல்லை. தண்ணீரோ வருடம் முழுக்க ஒரே 22 டிகிரிதான். ஆகஸ்டில் குதித்தால் சிலிர்க்கும், பிப்ரவரி விடியலில் குதித்தால் வெந்நீர். பிறகு எதற்குக் கோடையில் வர வேண்டும்?

அலெக்சாண்டர், குழந்தைகளோடு வருபவர்களுக்கான ஊற்று. கரை மணலாகச் சரிந்து மெல்ல ஆழமாகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 26 கோடி லிட்டர் நீர் வெளியே வருகிறதாம். நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊற்றுவாய்க்கு மேலே மிதந்தால், உள்ளிருந்து வரும் தண்ணீர் நம்மைப் பக்கவாட்டில் தள்ளுவது தெரியும்.

பிப்ரவரி 9, திங்கள். அங்கேயே

இரவில் தூரத்தில் தொம்... தொம்... என்று சத்தம். முதலில் இடி என்று நினைத்தார் என் கணவர். வானத்திலோ நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. விஷயம் என்னவென்றால், இந்தக் காட்டுக்கு நடுவிலேயே அமெரிக்கக் கடற்படையின் பைன்காசில் குண்டுவீச்சுப் பயிற்சிக் களம் இருக்கிறது. நிஜ வெடிகுண்டு போட்டுப் பழகும் இடம். அமைதியைத் தேடி வருபவர்களிடம் யாராவது இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது. நான் சொல்லிவிட்டேன். ஒன்பதரைக்கு மேல் சத்தம் இல்லை, நன்றாகத் தூங்கினோம்.

காலையில் உப்புமா. மிச்சம் மீதியையெல்லாம் உடனே காருக்குள் பூட்டிவிட வேண்டும். ஃபுளோரிடாவின் கரடிகள் அடர்த்தியாக வாழும் காடு இது. சாப்பாட்டை வெளியே விட்டால் அபராதம் வேறு. பற்பசை, சோப்பு உட்பட மணம் வரும் எதுவும் கூடாரத்துக்குள் கூடாது. பெருங்காய டப்பாவை நான் இரண்டு பைக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கரடிக்கு அது பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்கும் ஆசை இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய். ஜூனிப்பர் ஸ்பிரிங்ஸ்

என்னைக் கேட்டால் இந்தக் காட்டில் தங்க இதுதான் இடம். அலெக்சாண்டரைப் போலவே இங்கும் கூடாரம் போடும் இடங்களில் மின்சாரம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், 1930களில் அரசின் வேலைவாய்ப்புத் திட்ட இளைஞர்கள் இந்த ஊற்றுக்குக் கரை கட்டி, பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சக்கர வீடும் எழுப்பினார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சக்கரம் சுற்றித்தான் முகாமுக்கே மின்சாரம் வந்தது.

இடம் தேர்ந்தெடுப்பதில் என் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் குளியலறைக்குப் பக்கத்து இடத்தைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். நான் எடுக்க மாட்டேன். இரவெல்லாம் கதவு அடித்துக்கொண்டும் விளக்கு கண்ணில் குத்திக்கொண்டும் இருக்கும். குளிர்காலத்தில் கிழக்கே கொஞ்சம் திறந்த இடம்தான் வேண்டும். ஏழரை மணி வெயில் கூடாரத்தின் மேல் விழுந்தால் பனி ஈரம் சீக்கிரம் காயும். சுற்றிலும் பால்மெட்டோ புதர் அடர்ந்திருந்தால் பக்கத்து இடத்துக்காரர் இருப்பதே தெரியாது. அப்புறம் மணல். காடு முழுக்கச் சர்க்கரை மாதிரி மணல்தான், சாதாரணக் கூடார முளை நிற்காது. நீளமான மணல் முளை கொண்டு வாருங்கள். விறகு மட்டும் வீட்டிலிருந்து வேண்டாம். விறகோடு வரும் ஒரு வண்டு பரப்பும் பூஞ்சையால் இங்குள்ள ரெட்பே மரங்கள் ஏராளமாகச் செத்திருக்கின்றன. பக்கத்து ஊர்க் கடையிலேயே கட்டாகக் கிடைக்கிறது.

சாயங்காலம் ஃபெர்ன் ஹாமக் ஊற்று வரை நடந்தோம். முகாமிலிருந்து நடக்கிற தூரம்தான். இங்கே குளிக்க அனுமதியில்லை, பார்க்க மட்டும். மரப்பாலத்தில் குனிந்து நின்றால், தெளிந்த நீருக்கடியில் வெள்ளை மணல் வட்ட வட்டமாக, உலையில் அரிசி கொதிப்பதைப் போலப் பொங்கிக்கொண்டிருக்கிறது. ஆவியும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் மணல் எழும்பி, விளிம்பில் வழிந்து, சரிந்து மீண்டும் நடுவுக்கே வருகிறது. உள்ளே விழுந்த ஓர் ஓக் இலை மேலும் கீழுமாக ஆடி, கடைசியில் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. மேலே பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளில் சேர்கிறது. எங்கே அழுத்தம் வழி கண்டுபிடிக்கிறதோ அங்கே இப்படி மேலேறி வருகிறது. வெளியே வெயிலோ பனியோ, அத்தனை ஆழத்தில் அது எட்டுவதில்லை. அதனால்தான் இந்த மாறாத 22.

பிப்ரவரி 11, புதன். அங்கேயே

விடியற்காலை வெளியே ஐந்து டிகிரி. ஊற்றின் மேல் புகை மாதிரி ஆவி. இவர் துண்டைப் போர்த்திக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டார். நான் இறங்கிவிட்டேன். இறங்குவது சுகம். ஏறுவதுதான் தண்டனை. ஃபிளாஸ்க்கில் காப்பி இல்லாமல் இதற்குத் துணியாதீர்கள்.

பிறகு வாடகைப் படகில் ஜூனிப்பர் ஓடை. சுமார் 11 கிலோமீட்டர், நெடுஞ்சாலை 19-இன் பாலத்தில் முடியும். நிதானமாகப் போனால் பாதி நாள். ஓடை குறுகல், வளைவுக்கு வளைவு. துடுப்புப் போடுவதைவிடக் குனிவதுதான் அதிக வேலை. தூக்கியெறியும் பாட்டில், தட்டு, பிளாஸ்டிக் பை எதையும் உள்ளே விட மாட்டார்கள். கிளம்பும் இடத்தில் பையைத் திறந்து பார்த்தார்கள். எங்களிடம் எவர்சில்வர் அடுக்கில் எலுமிச்சை சாதம், பித்தளைச் செம்பில் தண்ணீர். சோதித்த பெண் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள்.

முதலைகள் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. இங்குள்ள அலிகேட்டர்கள் குளிரில் சோம்பேறிகள். அதற்காக அருகில் போகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி. சால்ட் ஸ்பிரிங்ஸ்

நேற்று வண்டியில் பாதி நேரம் போயிற்று, எழுத ஒன்றுமில்லை. வழியில் காட்டுத்துறையினர் திட்டமிட்டு வைத்த தீயின் புகை. நெட்டிலைப் பைன் காடு செழிக்க அவ்வப்போது இப்படி எரிக்கத்தான் வேண்டும்.

இங்கே வந்தது அக்காவுக்காகவும் அத்தானுக்காகவும். ஜாக்சன்வில்லிலிருந்து, உள்ளேயே தங்கும் வசதியுள்ள கேம்பர் வண்டியோடு வந்திருக்கிறார்கள். அத்தான் இரவில் மூச்சு மெஷின் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். ஆகவே மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் எல்லாம் இடத்திலேயே உள்ள சால்ட் ஸ்பிரிங்ஸ். நியாயமான தேவைதான். ஆனால் மரநிழல் குறைவு, வண்டிகள் நெருக்கமாக நிற்கின்றன. பக்கத்து வண்டிக்காரரின் தொலைக்காட்சியில் என்ன ஓடுகிறது என்பதை நான் இங்கிருந்தே சொல்வேன்.

ஊற்று மட்டும் அருமை. மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் உப்புகள் கலந்த நீர் பாறைப் பிளவுகளிலிருந்து வருகிறது. ஒரு பிளவின் விளிம்பில் நீல நண்டு ஒன்று, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றது. கடல் எங்கே, நண்டு எங்கே! இந்த உப்பில் அது பிழைத்துக்கொள்கிறது. அக்கா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, பிடிக்கலாமா என்பதுதான்.

"ஏம்மா, கரண்டே இல்லாத இடத்துக்குக் காசு கொடுத்துப் போறீங்களே, அப்படி என்ன இருக்கு அங்கே?" என்று ராத்திரி அத்தான் கேட்டார்.

"வந்து பாருங்க அத்தான். சொன்னா புரியாது."

"மெஷின்?"

"அதுக்கு பேட்டரி விக்கிறாங்க."

இப்போது அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை மணி நேரம் தாங்கும், விலை என்ன என்று போனில் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு இரவுக்குத் தாங்குவதைவிட, இரண்டு இரவு தாங்குவதை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.