சீல் மாற்றியும் நிற்காத கியர் ஆயில் ஒழுகல்

பின்சக்கரத்தின் உட்புறம் கியர் ஆயில் வடிகிறது என்று பட்டறைக்குப் போகிறவர்கள், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலில் கை வைக்கும் முன், பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலின் மேல் இருக்கும் பிரீதரை, அதாவது உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் சிறு துளையை, பார்க்கச் சொல்லுங்கள். யாராவது இதை எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால், ஒரு செட் பிரேக் ஷூவும் மதுரை வரை போய்வந்த பெட்ரோலும் காரைக்குடிப் பட்டறை வாசலில் காத்துக்கிடந்த பொழுதும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

வண்டி பழைய மாருதி ஜிப்சி. தேவகோட்டைப் பக்கம் கண்மாய்க் கரையைத் தாண்டி இருக்கும் எங்கள் தோப்புக்கு, ஐப்பசி கார்த்திகையில் செம்மண் குழைந்துவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியைத் தவிர வேறெதுவும் போகாது என்பதால், உற்பத்தி நின்றுபோன இதை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறோம். இடது பின்டயரின் உட்பக்கத்தில் மட்டும் புழுதி ஈரமாக அப்பியிருந்தது. பிரேக் பிடித்தால் வண்டி லேசாக வலப்பக்கம் இழுத்தது.

பட்டறைக்காரர் குனிந்துகூடப் பார்க்காமல், "வீல் சிலிண்டர் போயிருச்சுண்ணே, மாத்திருவோம்" என்றார். வீல் சிலிண்டர் என்பது பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பிரேக் ஷூவைத் தள்ளுவது; அது ஒழுகினால் வடிவது பிரேக் ஆயில்தான். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு சிறிதும் குறையவில்லையே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வடிந்திருந்ததை விரலில் தொட்டுத் தேய்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்: பிரேக் ஆயில் தண்ணீராக ஓடும், கியர் ஆயில் பிசுபிசுவென்று ஒட்டுவதோடு கந்தக வாடையும் அடிக்கும். பிரேக் டிரம்மைக் கழற்றுங்கள் என்று வற்புறுத்திய பிறகுதான் கழற்றினார். பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் முழுவதும் கியர் ஆயிலில் ஊறியிருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்டை உருவி எடுப்பதில் சிக்கல் எதுவும் இல்லை. பேரிங்கிலும் ஆட்டம் இல்லை. சிக்கல் சீல் வாங்குவதில்தான் வந்தது. உள்ளூரில் கிடைக்காமல் மதுரைக்குப் போய், கடையில் வண்டியின் பெயரையும் ஆக்சில் சீல் என்பதையும் சொல்லி வாங்கி வந்தால், அது முன் ஆக்சிலுக்கு உரியது. பின் ஆக்சிலின் இரும்பு உறையான ஹவுசிங்கில் அது உட்காரவே இல்லை. சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்றும் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்கள்தாம் கடையில் பேச வேண்டியவை. எங்கள் பழைய சீலையோ ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி நசுக்கிக் குப்பை டின்னில் போட்டிருந்தார்கள். கிரீஸ் துணிகளுக்கு அடியில் கிளறி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் சாய்த்துப் பிடித்த பிறகே எண்கள் தெரிந்தன. எனவே புதியது பொருந்தும் வரை பழையதை எறிய விடாதீர்கள்.

ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். உள்ளே இறங்கிய ஆயில் டிரம் சூடானதும் மறுபடி மேலே வரும். இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் ஷூ மாற்ற வேண்டும், நானும் மாற்றினேன். எல்லாம் பூட்டி முடிந்தது. ஆனால் மழை தொடங்கித் தோப்புக்குப் போய்வர ஆரம்பித்ததுமே அதே சக்கரத்தில் அதே ஈரம்.

இந்த முறை பட்டறைக்காரர், ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, புதியதுதான் போட வேண்டும் என்றார். சீலின் உதடு உரசும் இடத்தில் தேய்மானம் இருந்தால் நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது பள்ளத்தில் தட்டும். அவர் கண்முன்னேயே இழுத்துக் காட்டினேன், எங்கும் தட்டவில்லை. அப்படியானால் சீல்தான் டூப்ளிகேட் என்று சொல்லி, மறுபடியும் ஒரு சீல், மறுபடியும் ஷூ, மறுபடியும் முழுக் கூலி. மழை விடுவதற்குள் அதுவும் ஒழுகியது.

கடைசியில் வழி காட்டியவர் புதுவயலில் டிராக்டர் வேலை பார்க்கும் ஒரு வயதான மேஸ்திரி. அவர் ஸ்பானரைத் தொடும் முன், "நல்லா சூடேற ஒரு நடை ஓட்டிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பினார். திரும்பி வந்ததும் முகத்தை ஒதுக்கிக்கொண்டு ஆயில் ஊற்றும் பிளக்கை மெல்லத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று சீறியது. அந்தச் சத்தமே விடை.

ஓடும்போது, ஆக்சிலின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களும் ஆயிலும் சூடாகி, ஹவுசிங்கில் அடைபட்ட காற்று விரியும். அது வெளியேறத்தான் பிரீதர். எங்கள் வண்டியில் அந்தச் சிறிய துளைக்குள் செம்மண் சுட்ட செங்கல்லைப் போல இறுகிக் கிடந்தது. போக வழியில்லாத காற்று சீலின் உதட்டை நெம்பி ஆயிலைத் தள்ளியிருக்கிறது. எத்தனை புதிய சீல் போட்டாலும் இதேதான் நடந்திருக்கும். சூடான ஆக்சில் தரைப்பாலத்து வெள்ளத்தில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது, இதற்கு நேர்மாறாக உள்ளே உறிஞ்சல் ஏற்பட்டுத் தண்ணீரும் புகும். வடித்த ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் அதுதான் காரணம். எங்களுடையதும் சற்று வெளுத்திருந்தது.

மேஸ்திரி கம்பியால் குத்தி, பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடித்துத் துளையைத் திறந்தார். அழுத்தத்தில் உதடு மடிந்துபோன சீலை மாற்றி, எண்பது-தொண்ணூறு (80W-90) ஜிஎல்-5 தரக் கியர் ஆயிலை நிரப்பினார். இங்கும் மூன்று கவனங்கள் உண்டு: வடிக்கும் பிளக்கைத் திறப்பதற்கு முன் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் ஆக்சிலோடு வண்டி பட்டறையிலேயே நிற்க நேரும், ஊற்றும்போது வண்டி சமதரையில் இருக்க வேண்டும், துளையின் கீழ்விளிம்பைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். கடைசியாக, பிரீதரில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, தண்ணீரும் சேறும் எட்டாதபடி வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் மேற்பகுதி வரை ஏற்றிக் கட்டிவிட்டார். அதன் பிறகு மழைக்காலம் முழுவதும் ஓட்டியும் டயரின் உட்பக்கம் காய்ந்தே இருக்கிறது.

பழைய பட்டறையில் மறுமுறை வாங்கிய கூலியையாவது திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். "பிரீதரைப் பாக்கச் சொல்லி நீங்க சொல்லவே இல்லையேண்ணே" என்றார்.