ஃபாட்டாவில் ரெண்டு நாள்

போன வாரம் சித்தி பையன் போன் செய்தான். "அண்ணா, அம்மா அப்பாவைக் கேதார்நாத் கூட்டிட்டுப் போறேன், ஹெலிகாப்டர்ல போகலாமா, பயமில்லையே? நீங்க போயிருக்கீங்கல்ல" என்றான். ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாமல் அரை மணி நேரம் பேசினேன். பாதி அவன் காதில் ஏறியிருக்காது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நானும் அம்மாவும் போனது 2023 செப்டம்பரில். அம்மாவுக்கு முட்டி வலி, கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர் மலையேற்றம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. போகிற வழியில் இருக்கும் ஃபாட்டா என்ற ஊரிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் கோயில் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். ஆனால் அம்மாவுக்கு மனசே இல்லை. முந்தைய வருடம், 2022 அக்டோபர் 18 அன்று, கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் கருட் சட்டி பக்கம் மலையில் மோதி ஏழு பேரும் போய்விட்டார்கள், அதில் மூன்று பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தச் செய்தியை டிவியில் பார்த்ததிலிருந்தே அம்மாவுக்குப் பயம். "அதெல்லாம் எப்பவோ ஒண்ணும்மா" என்று நான்தான் டிக்கெட் போட்டேன்.

முதல் நாள் காலை எட்டு மணிக்கு எங்கள் முறை. எட்டு மணிக்கு எதிர்மலையே தெரியவில்லை. பத்து மணி வாக்கில் எங்கள் தலைக்கு மேலே வானம் பளிச்சென்று நீலமாகிவிட்டது, வெயில் அடித்தது, அப்போதும் ஒன்றும் கிளம்பவில்லை. ஹரித்துவாரில் எங்களுக்கு ஒரு நாள் விட்டு அடுத்த நாள் ரயில். எனக்குப் பொறுமை போய்விட்டது. கவுண்டரில் இருந்த பையனிடம் தெரிந்த அரைகுறை இந்தியில் சத்தம் போட்டேன். வானத்தைக் கையால் காட்டி, இது உனக்கு மேகமா என்று கேட்டேன். என் பின்னால் வரிசையில் நின்ற நாற்பது பேரும் என் பக்கம். ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் பைலட் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், இங்கே தெரியும் வானம் இங்கே மட்டும்தான், நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கு உங்களுக்குத் தெரியாது என்றார். அன்று முழுக்க எதுவும் பறக்கவில்லை. அந்த ஆளை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஊருக்கு வந்த பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நாம் பயப்படுவது ஒன்று, ஆளைக் கொல்வது வேறு ஒன்று. எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழுந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எஞ்சின் நின்றதும் பைலட் தலைக்கு மேலே சுற்றும் விசிறியின் இறக்கைகளின் சாய்வைக் குறைத்துவிடுவார், கீழே இறங்கும்போது அடியிலிருந்து வரும் காற்றே அந்த விசிறியைச் சுழல வைக்கும். மகோகனி விதை மரத்திலிருந்து சுற்றிச் சுற்றி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதுதான். தரை நெருங்கும்போது சாய்வை மறுபடி ஏற்றினால் விசிறியில் மிச்சமிருக்கும் வேகம் மெத்தென்று இறக்கிவிடும். ஆட்டோரொட்டேஷன் என்று பெயர், பைலட் பயிற்சியில் இது கட்டாயப் பாடம். ஆனால் அதற்குப் போதுமான உயரமோ வேகமோ இருக்க வேண்டும், இறங்க ஒரு சமதளமும் வேண்டும். கேதார்நாத் போகிற மந்தாகினி ஆற்றுப் பள்ளத்தாக்கில் சமதளத்துக்கு எங்கே போவது?

அப்புறம் காற்று. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான், வெயில் ஏறினால் இன்னும் குறையும். இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். அதனால்தான் நம்மை அரிசி மூட்டை மாதிரி தராசில் ஏற்றி எடை பார்க்கிறார்கள். அம்மா ஊரே பார்க்கத் தன் எடையைச் சொல்கிறார்களே என்று கூசிப்போனாள். பையில் ஒளித்து வைத்திருந்த முறுக்கு டப்பாவை வெளியே எடுக்கச் சொன்னபோது நான் கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

இதையெல்லாம்விடப் பெரிய எமன் மேகம்தான். இந்தச் சிறிய ஹெலிகாப்டர்களை மலைக்குள் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். கண் போனால் காதை நம்ப வேண்டும், காது பொய் சொல்லும். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றால் உலகம் இன்னும் சுற்றும் இல்லையா? நாம் சாய்கிறோமா சுற்றுகிறோமா என்று உணர்த்துகிற உள்காதுத் திரவம் செய்கிற வேலை அது. மேகத்துக்குள் போன பைலட்டுக்கும் அதே காதுதான். 2020 ஜனவரி 26 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் போன ஹெலிகாப்டர் கலிஃபோர்னியாவில் விழுந்தது நினைவிருக்கும், ஒன்பது பேர் இறந்தார்கள். மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று பைலட் ரேடியோவில் சொன்னபோது ஹெலிகாப்டர் உண்மையில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின்கள் இரண்டும் நன்றாகவே ஓடின. விசாரணை அறிக்கை, எப்படியாவது போய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று பைலட் தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட நெருக்கடியையும் ஒரு காரணமாகச் சொன்னது.

அவ்வளவு தூரம் போவானேன், நம் குன்னூர். 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து 11:48க்குக் கிளம்பிய விமானப்படையின் எம்ஐ-17வி5, வெலிங்டனில் 12:15க்கு இறங்க வேண்டியது, 12:08 வாக்கில் தொடர்பு அறுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் போய்விட்டார்கள். இரட்டை எஞ்சின், அனுபவமுள்ள பைலட்டுகள். இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, பள்ளத்தாக்கில் திடீரென்று வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்து திசை உணர்வு தவறிவிட்டது என்றது விசாரணைக் குழு. பின்னால் நாடாளுமன்றக் குழு அறிக்கையில் மனிதப் பிழை என்று பதிவானது. ரயில் பாதையில் நின்றவர்கள் எடுத்த அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் போகிறது, அவ்வளவுதான்.

சரி, எங்கள் கதை. மறுநாள் காலை கிளம்பிவிட்டோம். ஏறும்போது இறங்கும்போது எஞ்சினை அணைப்பதே இல்லை, தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், குனிந்து ஓட வேண்டும். கேதார்நாத்தில் இறங்கியதும் கோபுரம் தெரிகிறதா என்று நான் வால் பக்கம் நாலடி வைத்துவிட்டேன். ஊழியர் ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். வாலில் இருக்கும் சின்ன விசிறி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. அதே வருடம் ஏப்ரலில் அதே ஊர் ஹெலிபேடில் அரசு அதிகாரி ஒருவர் அந்த விசிறி பட்டு இறந்திருக்கிறார். எப்போதும் முன்பக்கமாக, பைலட் கண்ணில் படுகிற மாதிரிதான் நடக்க வேண்டும், செல்ஃபி எல்லாம் அப்புறம்.

தரிசனம் முடிந்து திரும்ப மறுபடி மேகம். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவை டோலியில் உட்காரவைத்து, நான் கூடவே நடந்து, ராத்திரி கௌரிகுண்டு வந்து சேர்ந்தோம். ரயில் போயே போய்விட்டது.

2025இல் மறுபடி வரிசையாகச் செய்திகள். மே 8, கங்கோத்ரி போகிற வழியில் ஒரு ஹெலிகாப்டர் சாலையில் இறங்கப் பார்த்து, ஓரமாக ஓடிய கேபிளில் இறக்கை பட்டு ஆறு பேர். ஜூன் 15 விடிகாலை ஐந்தரை, கௌரிகுண்டு பக்கம், பள்ளத்தாக்கில் மேகம், ஏழு பேர், அதில் ஒன்று இரண்டு வயதுகூட ஆகாத குழந்தை. சேவையை இரண்டு நாள் நிறுத்தினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது கவுண்டரில் நான் போட்ட சத்தம்தான். ஒரு நாளைக்கு அத்தனை நடை, ஒவ்வொரு நடைக்கும் என்னை மாதிரி நாற்பது பேர் கத்தினால், எந்த பைலட் எத்தனை நாள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்?

சித்தி பையனிடம் இதைத்தான் சொன்னேன். போ, தப்பில்லை, ஆனால் காலை முதல் முறைகளில் டிக்கெட் போடு, மதியத்துக்கு மேல் வேண்டாம். இடையில் ரெண்டு நாள் சும்மா விடு. பறக்கவில்லை என்றால் டீ வாங்கிக் குடித்துவிட்டு உட்கார். எல்லாவற்றுக்கும் "சரிண்ணா" என்றான்.

போனை வைக்கும் முன் ரயில் எப்போது என்று கேட்டேன். தரிசனத்துக்கு மறுநாள் ராத்திரியே, கன்ஃபர்ம் ஆகிவிட்டதாம்.